கண்ணாடியில் வரைந்த கதவு

திருச்சியில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகம். அங்கே குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

சீடர் பெயர் தனுஷ்கோடி. பத்து வருடம் பலகையில் தாள் ஒட்டி மைப்பேனாவால் கோடு இழுத்தவர். பிறகு பதினெட்டு வருடம் கம்ப்யூட்டரில் கோடு இழுத்தவர். அவர் வரைந்த தாளில் ஒரு பிசிறு இருக்காது. "தனுஷ்கோடி படமா? கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடலாம்" என்பார் முதலாளி சிதம்பரநாதன்.

குருவின் பெயர் ரஹ்மத் நிஷா. பாலிடெக்னிக்கில் நான்கு வருடம் பாடம் எடுத்துவிட்டு இங்கே வந்தவர். அதனால் அலுவலகத்தில் எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள். தனுஷ்கோடி மட்டும் "ஏம்மா" என்று கூப்பிட்டார்.

அலுவலகத்துக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. எல்லோருக்கும் அதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு நிஷாவுக்கு.

"இதுல யாரும் கோடு போடப் போறதில்ல" என்றார் நிஷா முதல் நாள். "கட்டடத்தையே கட்டப் போறோம். சுவர் வச்சா அது சுவர். கதவு வச்சா அது கதவு. எந்தப் பக்கம் வெட்டிப் பார்த்தாலும் படம் தானா வந்துடும்."

தனுஷ்கோடிக்குச் சுவர் எழுப்ப வந்தது. சுவரில் கதவு வைக்க வந்தது. மூன்றாம் வாரம் கண்ணாடிச் சுவர் வந்தது.

"ஏம்மா, சாதாரண சுவர்ல வைக்கிற மாதிரியே இதுலயும் கதவு வச்சுடலாம்ல?" என்று கேட்டார்.

"முடியாது சார். இது முழுக்கத் தனித்தனிக் கண்ணாடிப் பேனல். ஒரு பேனலை விடுவிச்சு, அந்த இடத்துல கதவை மாத்தணும். செஞ்சு காட்டுறேன்."

செய்து காட்டினார். திரையில் ஏதோ ஒளிர்ந்தது, ஏதோ மாறியது. தனுஷ்கோடி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

"புரிஞ்சுதா சார்?"

பக்கத்து நாற்காலிகளில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய மகள் வயது. அவர்களில் ஒருத்தி எதற்கோ சிரித்தாள்.

"புரியாம என்ன?" என்றார் தனுஷ்கோடி.

*

புதுக்கோட்டை சாலையில் ஒரு டயாலிசிஸ் மையம் கட்டுகிற வேலை வந்தது. தோட்டத்துப் பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். பதினொரு பேனல். ஏழாவது பேனல் இருக்கிற இடத்தில் ஒரு கதவு. வாசலில் வண்டியிலிருந்து இறங்குகிற நோயாளியைச் சக்கர நாற்காலியில் வைத்து, சாய்தளம் வழியாக நேராக அந்தக் கதவுக்குத் தள்ளிக்கொண்டு வரலாம்.

தரைத்தளம் தனுஷ்கோடியின் பங்கு.

கதவை எடுத்துக் கண்ணாடிச் சுவரின் மேல் கொண்டுபோனார். இங்கே வைக்க முடியாது என்கிற தடை வட்டம் திரையில் வந்தது. சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தார். தடை வட்டம். மூடிவிட்டுத் திறந்தார். அதே வட்டம்.

நிஷாவின் மேஜை நாலு மேஜை தள்ளித்தான் இருந்தது. தனுஷ்கோடி எழுந்தார். பாதி வழி போனார். நிஷா நிமிர்ந்து பார்த்தார். தனுஷ்கோடி தண்ணீர் கேன் பக்கம் திரும்பி, தாகமில்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இடத்துக்கு வந்தார்.

படம் அன்று மாலைக்குள் நிஷாவின் சரிபார்ப்புக்குப் போக வேண்டும்.

சாஃப்ட்வேரில் கோடு போடுகிற கருவியும் ஒன்று இருந்தது. குறிப்பு எழுத, அம்பு காட்ட. தனுஷ்கோடி அதை எடுத்தார். ஏழாவது பேனலின் மேல் இரண்டு கோடு, ஒரு கால் வட்டம். தரைப்படத்தில் கதவை அப்படித்தான் காட்டுவது வழக்கம். முகப்புப் படத்தில் ஒரு கைப்பிடியும் வரைந்தார். இருபத்தெட்டு வருடக் கை. அச்சில் பார்த்தபோது அதைக் கதவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

'நாளைக்குக் கேட்டுக்கிட்டு மாத்திடலாம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

நாளைக்கு வேறு வேலை வந்தது. அதற்கு மறுநாள் நிஷா அந்தத் தாள்களைப் பார்த்துக் கையெழுத்திட்டார். அதற்குப் பிறகு கேட்டால், ஏன் முன்பே கேட்கவில்லை என்ற கேள்வி வரும். தனுஷ்கோடி கேட்கவில்லை.

*

கண்ணாடி செய்கிறவர்கள் தாளைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் கட்டிய மாடலிலிருந்து பட்டியல் எடுத்தார்கள். அதில் பதினொரு பேனல் இருந்தது. கதவு இல்லை. கோடுகள் பட்டியலில் வருவதில்லை.

கட்டடத்தில் கண்ணாடி ஏறியது கடைசி வாரத்தில். திறப்பதற்கு நான்கு நாள் முன்னால், மையத்தை நடத்தப்போகிற டாக்டர் லோகநாயகி தன்னுடைய பழைய நோயாளிகள் சிலரை இடம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். அலுவலகத்திலிருந்தும் எல்லோரும் போயிருந்தார்கள். தனுஷ்கோடி உள்ளே, கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாய்தளத்தில் ஒரு சக்கர நாற்காலி ஏறி வந்தது. உட்கார்ந்திருந்த அம்மாவின் பெயர் சகாயமேரி. அவருடைய கணவர் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார். மேலே வந்து நின்றார்கள். நேர் எதிரே கண்ணாடி.

கணவர் இடது பக்கம் தடவிப் பார்த்தார். வலது பக்கம் தடவிப் பார்த்தார். சகாயமேரி உள்ளே நின்ற தனுஷ்கோடியைப் பார்த்துச் சிரித்தார். கையைத் திருப்பிக் காட்டினார். எப்படி வருவது?

தனுஷ்கோடி பேனல்களை எண்ணினார். அது ஏழாவது. இரண்டு பேருக்கும் நடுவே ஒன்றரை அடிகூட இல்லை. அவர் கையை உயர்த்தி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போகும்படி காட்டினார்.

அந்தச் சரிவில் நாற்காலியைத் திருப்ப இடமில்லை. கணவர் பின்பக்கமாகவே, ஒவ்வொரு அடியாக, கால் ஊன்றி ஊன்றி இறங்கினார்.

*

பதினைந்து நிமிடத்தில் எல்லோரும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கூடிவிட்டார்கள்.

"எங்க பட்டியல்ல கதவே இல்ல சார்" என்றார் கண்ணாடிக்காரர்.

சிதம்பரநாதன் தாளை விரித்தார். "இங்க பாருங்க. தனுஷ்கோடி எவ்வளவு தெளிவா காட்டியிருக்காரு. கைப்பிடிகூட இருக்கு. அப்புறம் மாடல்ல எப்படி விட்டுப்போச்சு?"

எல்லோரும் தாளைப் பார்த்தார்கள். பிறகு நிஷாவைப் பார்த்தார்கள்.

"மாடல் என் பொறுப்பு சார்" என்றார் நிஷா. "பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான்."

டாக்டர் லோகநாயகி சத்தம் போடவில்லை. "வாரத்துக்கு மூணு நாள் வர்றவங்கம்மா அவங்க. நாலு மணி நேரம் ஊசியோட படுத்துட்டு, எழுந்து நிக்க முடியாம போறவங்க. அவங்களுக்காகக் கேட்டது அந்த ஒரு வாசல்தான்."

நிஷா தலையசைத்தார்.

தனுஷ்கோடி வாயைத் திறந்தார். "புதுக் கதவு வர எத்தனை நாள் ஆகும்?" என்று கண்ணாடிக்காரரிடம் கேட்டார். சொல்ல நினைத்தது அதுவல்ல.

"மூணு வாரம்" என்றார் அவர்.

திறப்பு நாளைத் தள்ளிவைக்க முடியவில்லை. அதுவரை நோயாளிகள் முன்வாசல் வழியாக வரட்டும் என்று முடிவானது. முன்வாசலில் மூன்று படி.

*

நிஷாவிடம் தருவதாக இருந்த பெரிய கல்லூரி வேலை வேறொருவருக்குப் போனது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"டீச்சரே கோட்டை விட்டுட்டாங்களே சார்" என்றான் சாப்பாட்டு மேஜையில் சக ஊழியன் ஒருவன்.

"எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றார் தனுஷ்கோடி, பெருந்தன்மையாக.

அந்தக் குரல் அவர் காதிலேயே விழுந்தது. கையிலிருந்த கவளம் உள்ளே போகவில்லை. டப்பாவை மூடிவிட்டு எழுந்துபோனார்.

வீட்டுக்கும் விஷயம் எட்டியிருந்தது. "அந்த நிஷாப் பொண்ணுக்கு ஏதோ கெட்ட பேராமே?" என்று கேட்டார் மனைவி மீனாம்பிகை. "பாவம், உங்களுக்குப் பொறுமையா சொல்லிக்கொடுக்குதுன்னு சொன்னீங்களே. நீங்க பரிஞ்சு நாலு வார்த்தை பேசக்கூடாதா?"

"பேசலாம்" என்றார் தனுஷ்கோடி. சட்டையைக் கழற்றி மாட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அலுவலகத்தில் நிஷா எப்போதும் போல இருந்தார். காலையில் வணக்கம் சொன்னார். "ஏதாவது சந்தேகம் இருக்கா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வருகிற நேரம் தெரிந்து, தனுஷ்கோடி அந்த நேரத்தில் ஜெராக்ஸ் எடுக்கப் போக ஆரம்பித்தார்.

பத்தாம் நாள், சமையலறைப் பக்கத்து ஜன்னலை அளக்க வேண்டும் என்று சிதம்பரநாதன் அவரை மையத்துக்கு அனுப்பினார்.

போனபோது முன்வாசலில் கூட்டம். இரண்டு வார்டு ஊழியர்கள், டிரைவர், சகாயமேரியின் கணவர், நான்கு பேருமாகச் சக்கர நாற்காலியைப் படியில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. சகாயமேரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டார். தனுஷ்கோடி ஓடிப்போய் நாற்காலியின் சாய்ந்த பக்கத்தைப் பிடித்தார். ஐந்து பேராக ஏற்றினார்கள்.

மேலே வந்ததும் சகாயமேரி கண்ணைத் திறந்தார். அவரை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அன்னிக்கு உள்ள நின்னு வழி காட்டினவர்தானே நீங்க? இன்னிக்கும் வந்து கை கொடுத்தீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

தனுஷ்கோடி ஜன்னலை அளக்கவில்லை. அளவு நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

*

மத்தியானம் மூன்று மணி. அலுவலகத்தில் எல்லோரும் இருந்தார்கள்.

தனுஷ்கோடி நேராக நிஷாவின் மேஜைக்குப் போய் நின்றார்.

"டீச்சர்."

நிஷா நிமிர்ந்தார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்க சார்."

"கண்ணாடிச் சுவர்ல கதவு எப்படி வைக்கிறது? எனக்குத் தெரியாது. அன்னிக்கே தெரியாது."

தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டார். சுற்றிலும் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

நிஷா எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். ஒரு மாடலைத் திறந்தார். டயாலிசிஸ் மையம். தோட்டத்துப் பக்கம்.

"ஏழாவது பேனலைத் தொடுங்க."

தொட்டார். "முழுச் சுவரும் வருதே."

"டேப் கீயை அழுத்துங்க. மறுபடி. மறுபடி."

ஒவ்வொரு அழுத்தலுக்கும் வெளிச்சம் இடம் மாறியது. சுவர், சட்டம், பேனல்களைப் பிரிக்கிற கட்டக் கோடு, கடைசியில் ஒரே ஒரு கண்ணாடி.

"நிறுத்துங்க. கிளிக் பண்ணுங்க. பக்கத்துல குண்டூசி மாதிரி ஒண்ணு தெரியுதா?"

"தெரியுது."

"அது குத்தியிருக்கிற வரைக்கும் எதையும் மாத்த விடாது. எடுத்துடுங்க."

எடுத்தார்.

"இப்ப மேல பேனல்னு இருக்கிற இடத்துல கதவைத் தேடுங்க."

"இல்லையே. நான் வழக்கமா வைக்கிற கதவு எதுவுமே இல்ல."

"அது இங்க ஒட்டாது. கண்ணாடிச் சுவருக்குன்னே தனிக் கதவு இருக்கு. சாஃப்ட்வேரோட லைப்ரரியிலிருந்து முதல்ல உள்ள கொண்டு வாங்க."

கொண்டுவந்தார். தேர்ந்தெடுத்தார். கண்ணாடி கதவாகிவிட்டது.

தனுஷ்கோடி திரையையே பார்த்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவருக்குக் கண் கலங்கியது. குனிந்து விசைப்பலகையைப் பார்ப்பது போல இருந்தார்.

"அகலம் எங்க கொடுக்கணும்?" என்று கேட்டார் தனுஷ்கோடி.

"கதவுக்குக் கொடுக்க முடியாது. ரெண்டு பக்கமும் இருக்கிற கோடு எவ்வளவு இடம் விடுதோ, அதை அது எடுத்துக்கும். போதாதுன்னா கோட்டை நகர்த்துங்க."

நகர்த்தினார். கதவு அகன்றது.

"சக்கர நாற்காலி உள்ள வருமா?" என்று கேட்டார் நிஷா.

"வரும். நாலடி இருக்கே."

"நல்லா பாருங்க."

தனுஷ்கோடி படத்தைத் திருப்பினார். பெரிதாக்கினார். கதவின் அடியில், தரையோடு, அலுமினியச் சட்டம் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

"கீழ்ச் சட்டம் தடுக்குது. சக்கரம் இடிக்கும்."

"என்ன செய்வீங்க?"

அவர் யாரும் சொல்லாமலே டேப் கீயை அழுத்தினார். சட்டம் ஒளிர்ந்தது. அதிலும் ஒரு குண்டூசி இருந்தது. எடுத்தார். சட்டத்தை அழித்தார்.

தரைப்படத்துக்குப் போனார்கள். அங்கே புதுக் கதவின் மேல் பழைய கோடுகள் கிடந்தன. இரண்டு கோடு, ஒரு கால் வட்டம். கதவு அகன்றுவிட்டதால் கோடுகள் இப்போது பொருந்தாமல் நின்றன.

"இதெல்லாம்..." என்றார் தனுஷ்கோடி. "இதெல்லாம் நான் போட்டது."

நிஷா கையை நீட்டி மௌஸை ஒரு கோட்டின் மேல் நகர்த்தினார். சின்னக் கட்டம் ஒன்று விரிந்தது. வரைந்தவர் பெயர், தேதி, நேரம். தனுஷ்கோடி.

அவர் அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"எப்ப பார்த்தீங்க?"

"அன்னிக்கு மையத்துலேருந்து திரும்பி வந்த உடனே."

தனுஷ்கோடி கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். நேராக முதலாளி அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

"சார், அந்தக் கதவை நான் வைக்கல. வைக்கத் தெரியாம, வரைஞ்சு வச்சேன். டீச்சர் மேல தப்பில்ல."

சிதம்பரநாதன் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"உங்க தாளைக் காட்டித்தானே தனுஷ்கோடி டாக்டர்கிட்ட பேசினேன்."

"ஆமா சார்."

"நீங்க பக்கத்துல நின்னீங்க."

"நின்னேன் சார்."

"போன் போட்டுத் தரேன். டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னார். மறுமுனையில் டாக்டர் லோகநாயகி குறுக்கிடாமல் கேட்டார். "சகாயமேரி அம்மா உங்களைப் பத்திக் காலையில சொன்னாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

"கல்லூரி வேலையை டீச்சர்கிட்டயே கொடுத்துடுங்க சார்" என்றார் தனுஷ்கோடி, போனை வைத்துவிட்டு.

"அது நான் பார்த்துக்கிறேன்" என்றார் சிதம்பரநாதன். "இனிமே உங்க தாளை நான் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் பார்ப்பேன்."

"பாருங்க சார்."

வெளியே வந்தபோது யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் கேட்டிருந்தார்கள் என்பது அதிலேயே தெரிந்தது. தனுஷ்கோடி அவ்வளவு நீளமான அறையை அதுவரை நடந்ததில்லை.

நிஷா தன் நாற்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்திருந்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் தனுஷ்கோடி. "பத்து நாளா தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க பேரு தப்பிச்சிருக்கும்."

"என் கையெழுத்தும் பொய்யில்லையே சார். தாள் அழகா இருந்துச்சு. மாடலைத் திறந்து பார்க்காம போட்டேன். அது என் தப்புதான்."

"அது பாதி. மீதியை ஏன் சொல்லல? நானே வந்து கேட்பேன்னு நம்பிக்கையா?"

"இல்ல சார்" என்றார் நிஷா. "நம்பிக்கையெல்லாம் இல்ல. தினமும் ஜெராக்ஸ் எடுக்கப் போயிட்டே இருந்தீங்க."

"பின்னே?"

நிஷா திரையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா நீங்க வேலையை விட்டுட்டுப் போயிருப்பீங்க. இந்த ஆபீஸ்ல கதவு வைக்கத் தெரியாதவர் ஒருத்தர் குறைஞ்சிருப்பார். தெரிஞ்சவர் ஒருத்தர் கூடியிருக்க மாட்டார்."

தனுஷ்கோடி ஒரு நாற்காலியை இழுத்து நிஷாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.